வீரபாண்டி தண்ணீர் விட்ட சுவர்

வளைகுடாவுக்கு வந்த நாளிலிருந்து வீரபாண்டி பார்த்த வேலை ஒன்றுதான்: கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விடுவது. சைட்டில் அதைக் கியூரிங் என்பார்கள். தூண் எழுந்தால் அதைச் சாக்கால் சுற்றி நனைப்பார். தளம் போட்டால் ஓரமாக வரப்புக் கட்டித் தண்ணீர் தேக்குவார். சிமென்ட் இறுகுவதற்கு ஈரம் வேண்டும். வெயில் அந்த ஈரத்தை முந்திக்கொண்டு எடுத்துவிட்டால் கான்கிரீட் வெடித்துவிடும். அவருக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டது இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டே துபாயிலும் அபுதாபியிலும் எத்தனையோ மாடிகளை ஏறி இறங்கிவிட்டார்.

முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள். குடிதண்ணீருக்குத் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு மைல் கணக்கில் போகிற ஊர். வந்த புதிதில், ஒரு தூணுக்கு ஊற்றுகிற தண்ணீரைப் பார்த்ததைப் பற்றி என்னிடம் சொன்னார். "சோறு எறங்கலம்மா. எங்க தெருவுக்கு ரெண்டு நாளைக்கு வருமேன்னு இருந்துச்சு." பிறகு பழகிவிட்டது. வெயிலில் ஒரு சுவர் காய்ந்துகொண்டிருந்தால் அதைத் தாண்டிப் போக முடியாத அளவுக்குப் பழகிவிட்டது.

முழங்கால் வலி வந்து மாடி ஏற முடியாமல் ஆனபோது கம்பெனி அவரைக் கழித்துவிடவில்லை. வடக்கே, கடலோரத்தில் ஆளில்லாமல் கிடந்த ஒரு பழைய கிராமத்துக்குப் பகல் காவலாளியாக அனுப்பியது. முத்துக்குளித்தும் மீன் பிடித்தும் வாழ்ந்த மக்கள் இரண்டு தலைமுறைக்கு முன் நகரத்துக்குப் போய்விட்ட கிராமம் அது. வீடுகள் மணலுக்குள் பாதி இறங்கியிருந்தன. ஓரளவு முழுதாக நின்றது அங்கிருந்த சிறிய பள்ளிவாசல் மட்டும். அதைப் பழுதுபார்த்துப் பாதுகாக்கும் வேலையைத்தான் கம்பெனி எடுத்திருந்தது. அந்த வேலையில் நான் கன்சல்டன்ட் பக்கம் இருந்தேன். சுவர்களை அளந்து வரைபடமாக்குவது என் வேலை.

பள்ளிவாசல் உயரம் குறைந்தது. கடலுக்குள்ளிருந்து வெட்டியெடுத்த பவளக்கல்லை அடுக்கி, நீற்றின ஜிப்சத்தால் ஒட்டி, அதே ஜிப்சத்தால் பூசியிருந்தார்கள். ஒரு ஆள் குறுக்கே படுக்கலாம் போல அவ்வளவு தடித்த சுவர். குட்டையான தூண்கள், அவற்றின் மேல் அரைவட்ட வளைவுகள். உட்கார்ந்து தொழுகிறவர்கள் மீது காற்று படும்படி தரையை ஒட்டிச் சின்னச் சின்ன ஜன்னல்கள். மக்காவை நோக்கிய கிப்லா சுவரின் நடுவில் இமாம் நிற்கும் மாடம். கன்சல்டன்ட் ஸ்பெயின்காரர், தன் நாட்டு மலைக்கிராமங்களில் ஆயிரம் வருடத்துத் தேவாலயங்களைப் பழுதுபார்த்துத் தலை நரைத்தவர். முதல் நாள் உள்ளே நுழைந்ததும் வளைவின் கீழே நின்று வெகுநேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கேயும் இதே தடித்த சுவர், இதே அரைவட்டம், இதே இருட்டு, கல்தான் வேறு என்றார். நல்ல எண்ணத்தோடு யாரோ சிமென்ட் பூசியதால், உள்ளே ஈரம் அடைபட்டுக் கல் மாவாகிப் போன தேவாலயங்களின் படங்களை எனக்குக் காட்டினார். அதனால் இந்தப் பள்ளிவாசலில் ஒரு கைப்பிடி சிமென்ட் கூட வரக் கூடாது என்பது அவர் போட்ட முதல் விதி. ஜிப்சச் சாந்தில்தான் எல்லாம். இறுகிய ஜிப்சத்தின் மேல் தண்ணீர் படக் கூடாது என்பது இரண்டாவது விதி. தண்ணீரில் அது கரையும். மாதத்துக்கு ஒரு முறை வருவார், பார்ப்பார், போய்விடுவார்.

விதிகளைப் பூச்சு வேலைக்காரர்களுக்குக் காலையில் நிற்கவைத்துச் சொன்னார்கள், இந்தியில். வீரபாண்டி அப்போது வாசலில் லாரியிலிருந்து மணல் இறக்கிக்கொண்டிருந்தார். காவலாளிக்குப் பூச்சைப் பற்றி எதற்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பூச்சு வேலையில் முதல் ஆள் பாண்டித்துரை. கமுதிக்காரர், வீரபாண்டியைவிட இருபது வயதாவது இளையவர். துபாயில் ஆபீஸ்களுக்கு ஜிப்சம் சீலிங் போட்டுக் கை தேறியவர் என்பதால் கம்பெனி அவரை இங்கே கொண்டுவந்தது. இருவரும் முவைலா தொழிலாளர் முகாமில் ஒரே ரூம். வீரபாண்டிக்குக் கீழ்க்கட்டில், பாண்டித்துரைக்கு மேல்கட்டில். பாண்டித்துரை முன்பு வளைகுடாவின் இன்னொரு ஊரான ஜுபைலில் இருந்தார். அந்தக் கம்பெனி பாதியில் மூடிவிட்டதால் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்கு அனுப்பப்பட்டார். அதன் பிறகு மனைவி ராதிகாவின் வீட்டில் இருந்த காலத்தைப் பற்றி ரூமில் அவர் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

"மச்சினனுங்க ரெண்டு பேருண்ணே. எவன் வீட்டுக்கு வந்தாலும் காபிக்கு முன்னாடி இதத்தான் குடுப்பானுங்க. 'மாப்பிள்ள பெட்டியோட வந்துட்டாரு.' கேஸ் சிலிண்டர் கொண்டாந்த பயகிட்டக் கூடச் சொன்னானுங்க. அவன் என்னையப் பாத்து, 'சார் லீவாண்ணா?'ங்குறான். 'இல்லப்பா, நான் இங்கயே ஃபிட்டிங்'னேன்."

எல்லோரும் சிரிப்பார்கள். இன்னொரு முறை அப்படிப் போய் இறங்குவதைவிட இங்கேயே மணலில் புதைந்துவிடலாம் என்று அதே குரலில் சொல்வார். அதற்கு யாரும் சிரிப்பதில்லை.

கோடை தொடங்கியது. உச்சி வெயிலில் வெளியே வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். ஆட்கள் விடியற்காலையில் வந்து, வெயில் தலைக்கு ஏறுமுன் பஸ் ஏறிவிடுவார்கள். வீரபாண்டி மட்டும் தங்கிவிடுவார். இரவுக் காவலாளியைக் கொண்டுவரும் பிக்கப் வண்டியில்தான் அவர் திரும்ப வேண்டும். இடையில் நீண்ட மத்தியானம். அவரும் பள்ளிவாசலும் மட்டும்.

பாண்டித்துரை கிப்லா சுவரின் வெளிப்பக்கத்தைப் பூசி முடித்த அன்று மத்தியானம், வீரபாண்டி அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சுட்டது. உற்றுப் பார்த்தால் தலைமுடி போலக் கோடுகள் ஓடியிருந்தன. அவர் கண்ணுக்கு அதற்கு ஒரே பொருள்தான்: சுவர் வெடிக்கப் போகிறது. தூசி பறக்காமல் பாதையில் தெளிப்பதற்கு ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. போர்வெல் தண்ணீர், வாயில் வைக்க முடியாத உப்பு. அவர் ஓஸ் பைப்பை இழுத்துவந்து, அதன் வாயைக் கட்டைவிரலால் அடைத்து, மழைத்தூறல் போல விசிறினார். எத்தனையோ வருடத்துப் பழக்கம். சுவரின் மேலிருந்து கீழாக, ஒரு இடமும் விடாமல்.

"குடிச்சுச்சும்மா," என்று பின்னால் என்னிடம் சொன்னார். "ஊத்த ஊத்தக் குடிச்சுச்சு. ஒரு சொட்டு கீழ விழல. எம்புட்டுத் தாகத்துல கெடந்திருக்குன்னு நெனச்சேன்."

மறுநாள் காலைக்குள் மேற்பரப்பு காய்ந்துவிட்டது. யாருக்கும் தெரியவில்லை. அவரும் சொல்லவில்லை. தூசிக்கு வைத்த தண்ணீரைச் சுவருக்கு விட்டால் ஃபோர்மேன் ஏசுவார் என்பது ஒரு காரணம். இன்னொன்று, அது சொல்ல வேண்டிய விஷயமாக அவருக்குப் படவே இல்லை. அதுதானே அவருடைய வேலை.

சில நாட்களில் பூச்சின் அடிப்பகுதி பொருமத் தொடங்கியது. வெள்ளையாக உப்பு பூத்தது. பாண்டித்துரை விரலை வைத்தால் மாவாக உதிர்ந்தது. கம்பெனி எஞ்சினீயர் வந்து பார்த்துவிட்டு, கலவை தப்பு என்றார். எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூசச் சொன்னார். பாண்டித்துரை பொடியை இரண்டு தடவை சலித்தார். மூட்டையை மாற்றிக் கேட்டார். வாளியைக் கூடக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். மறுபடி பூசினார். மத்தியானம் வீரபாண்டி மறுபடி தண்ணீர் விட்டார்.

அன்று சாயங்காலம் ரூமில் நடந்ததை அர்ஜுன் எனக்கு அப்படியே சொன்னான். அர்ஜுன் அதே ரூம், லாரி கிளீனர்.

"மொதப் பூச்சு கல்லு மாதிரி இருந்துச்சுண்ணே," என்றார் பாண்டித்துரை. "நகத்தால கீறிப் பாத்தேன், கீறு விழல. நாலு நாள் கழிச்சுப் பாத்தா ரவ மாதிரி கொட்டுது. எவனோ செய்வினை வச்சிட்டான்."

"ஒன் மச்சினன் விசா எடுத்து வந்திருப்பான்," என்றான் அர்ஜுன்.

"வாய மூட்றா. இந்தத் தடவையும் கொட்டுனா கேன்சல்னு எஞ்சினீயர் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாண்ணே. 'யல்லா, கலாஸ், கர் ஜாவ்'ங்குறான். வீட்டுக்குப் போன்னு எம்புட்டு லேசா சொல்றான் பாருங்க."

"கொட்டாதுப்பா," என்றார் வீரபாண்டி. "வெயிலு அப்புடி. காயவிடாம இருந்தா நிக்கும்."

"அதான்ணே, வெயிலுதான். நாம என்ன செவுத்துக்குக் கொடையா புடிக்க முடியும்?"

"ஒனக்கு நான் இருக்கேன். பேசாமப் படு."

ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று பாண்டித்துரை நினைத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து வீரபாண்டி ஒரு முறைக்கு இரண்டு முறை தண்ணீர் விட்டார். கம்பெனியின் வேறொரு சிமென்ட் சைட்டிலிருந்து பழைய சாக்குகளைக் கேட்டு வாங்கிவந்து, சுவரின் அடியில் போர்த்தி நனைத்தார். இரவுக் காவலாளி வருவதற்கு முன் அவற்றைச் சுருட்டி ஓரமாகப் போட்டுவிடுவார். பாண்டித்துரையைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாகவே அந்த நாட்கள் முழுவதும் நம்பினார். தண்ணீர் பூச்சைத் தாண்டிப் போய், கற்களைப் பிடித்துக்கொண்டிருந்த பழைய சாந்தை உள்ளே கரைத்துக்கொண்டிருந்தது.

சுவர் விழுந்தது ஒரு காலைத் தேநீர் நேரத்தில். ஆட்கள் நிழலில் உட்கார்ந்திருந்ததால் யாருக்கும் அடியில்லை. பெரிய சத்தம் கூட இல்லை. மாடத்துக்கு இடதுபக்கம் இருந்த சுவர் முதலில் மூச்சு வாங்குவதுபோல வெளியே புடைத்தது. பிறகு அப்படியே உட்கார்ந்தது. அதன் மேல் சாய்ந்திருந்த வளைவும் கூடவே இறங்கியது. முன்னூறு வருடம் நின்ற வளைவு என்று ஸ்பெயின்காரர் கணித்திருந்தார். தூசி அடங்கியபோது, பாண்டித்துரை கையில் பூச்சுக் கரணையோடு அதன் முன்னால் நின்றிருந்தார். ஃபோர்மேன் அஸ்கர் அலி அவருடைய தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"நான் கலக்குனது சரியாத்தான் பாய் இருந்துச்சு," என்றார் பாண்டித்துரை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

மத்தியானத்துக்குள் அவருடைய விசாவை ரத்து செய்யச் சொல்லி ஆபீஸிலிருந்து போன் வந்துவிட்டது.

விழுந்த கற்களுக்கு எண் எழுதிப் படமெடுக்கும் வேலை எனக்கு. அடியில் கிடந்த கற்கள் கனத்தன. கையில் ஈரம் ஒட்டியது. கோடையில், மழையே இல்லாத ஊரில், அவை எப்படி ஈரமாக இருக்கின்றன என்று புரியாமல் அவற்றைத் தனியாக எடுத்து வைத்தேன். வீரபாண்டி சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, அதெல்லாம் தனியா வைக்கிறீங்க?"

"ஈரமா இருக்கு. ஜிப்சத்துக்கு ஈரம் ஆகாது."

"புதுப் பூச்சுக்கு வேணுமில்ல? காயவிட்டா வெடிச்சிரும்ல?"

"அது சிமென்ட்டுக்கு. ஜிப்சம் கொஞ்ச நேரத்துல தானா இறுகிடும். அதுக்கப்புறம் தண்ணி பட்டா கரையும்."

அவர் மறுபடி கேட்டார், சொற்களை மாற்றி. நான் மறுபடி அதையே சொன்னேன். வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவர் மணலில் உட்கார்ந்துவிட்டார். தலையிலிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வெயில் நேராக அவர் உச்சந்தலையில் விழுந்தது.

"நாந்தாம்மா," என்றார்.

எல்லாவற்றையும் அங்கேயே சொன்னார். பிறகு எழுந்து, "ஆபீசுக்குப் போவம். எனக்கு இந்தி அரகொற. நீங்க இங்கிலீசுல சொல்லுங்க. பாண்டி பேர எடுத்துட்டு என் பேரப் போடச் சொல்லுங்க," என்றார்.

சைட் ஆபீஸ் ஒரு தகரக் கேபின். மேனேஜர் ஏசியின் கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வீரபாண்டி தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் சொன்னேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மேனேஜர் கை கழுவிவிட்டு வந்து, கன்சல்டன்டுக்கு இது தெரியுமா என்று என்னைத்தான் கேட்டார். இன்னும் தெரியாது என்றேன். தப்பான கலவை, ஆளை நீக்கிவிட்டோம் என்று காலையிலேயே மேலிடத்துக்குச் சொல்லியாகிவிட்டது என்றார். கம்பெனியின் சொந்தக் காவலாளியே தினமும் சுவரை நனைத்தார், அதை ஒருவரும் கவனிக்கவில்லை என்று இப்போது மாற்றிச் சொன்னால் மொத்த வேலையும் கையை விட்டுப் போகும். இங்கிருக்கிற எல்லோரும் ஊருக்குப் போக வேண்டியதுதான். பிறகு வீரபாண்டியைப் பார்த்து, கோபமே இல்லாமல் இந்தியில், "சாச்சா, ஜாவ், சாய் பீயோ" என்றார். போய் டீ குடிக்கச் சொன்னார்.

"என்னம்மா சொல்றாரு? மாத்துறாராமா?"

"இல்ல."

"அப்ப என்னையவும் சேத்துக் கேன்சல் பண்ணச் சொல்லுங்க."

அதையும் சொன்னேன். மேனேஜர் போனை எடுத்துப் பேசத் தொடங்கிவிட்டார்.

அன்றே ஸ்பெயின்காரருக்குப் போனில் சொன்னேன். அவர் வேலையை நிறுத்தச் சொல்லி மேலே எழுதினார். திறப்புவிழாத் தேதி ஏற்கெனவே குறித்தாகிவிட்டது. அவருடைய ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிந்தது. அதை யாரும் நீட்டிக்கவில்லை. அவரோடு சேர்ந்து நானும் வெளியே வந்தேன். ஆனால் இதெல்லாம் நடப்பதற்குள் பாண்டித்துரை போய்விட்டார்.

அவர் பெட்டி கட்டும்போதுதான் வீரபாண்டி அவரிடம் சொன்னார். பாண்டித்துரை சட்டைகளை மடிப்பதை நிறுத்தவில்லையாம்.

"எத்தன நாளாண்ணே?"

"மொதப் பூச்சுலருந்து."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்றதுக்கு என்னப்பா இருக்கு? தண்ணி விடுறதுதான என் வேல."

அர்ஜுன் இரண்டு பேருக்கும் நடுவே எழுந்து நின்றுகொண்டான். அடி விழும் என்று நினைத்தானாம். பாண்டித்துரை கட்டிலில் உட்கார்ந்தார். "அப்ப என் கலவ நல்ல கலவதான?" என்று கேட்டார்.

"நல்ல கலவதான்."

"இத எவனாச்சும் என் மச்சினனுங்க கிட்ட வந்து சொல்லுவானாண்ணே?"

ஏர்போர்ட்டுக்கு வருகிறேன் என்றார் வீரபாண்டி. வேண்டாம் என்றுவிட்டார் பாண்டித்துரை. ஊர் போய்ச் சேர்ந்த பிறகு போனையும் எடுக்கவில்லை.

இதற்குப் பின் நடந்தவை வீரபாண்டி எனக்குப் போனில் சொன்னவை. விழுந்த சுவரை மறுபடி பவளக்கல்லில் கட்டுவதற்கு நேரம் இல்லை. கம்பெனி கான்கிரீட் பிளாக் கொண்டுவந்து இறக்கி, வளைவுக்கு இரும்புக் கம்பி வளைத்து, மேலே மண் நிறத்தில் சிமென்ட் பூசிவிட்டது. தூர நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பூசிய அன்று அஸ்கர் அலி வாசலுக்கு வந்தார்.

"வீரபாண்டியண்ணே, வாங்க. இது சிமிட்டி. நல்லா ஊத்துங்க."

"வேணாம் பாய்."

"என்னண்ணே வேணாம்? இதுக்கு ஊத்தணும்ணே. ஊத்தலன்னா வெடிச்சிரும். ஒங்களுக்குத் தெரியாததா?"

"வேற ஆள விடுங்க பாய்."

"வேற ஆளு எங்கண்ணே இருக்கான்? ரிஜிஸ்டர்ல கியூரிங்னு இருக்கிறது நீங்க ஒருத்தருதான். நானும் ஒங்கள மாதிரி கூலிக்காரன், என்னைய ஏசு வாங்க விடாதீங்க." போகும்போது திரும்பி, குரலைத் தாழ்த்தி, "நடந்தது நடந்துபோச்சுண்ணே. அல்லா பாத்துக்குவான்," என்றார்.

வீரபாண்டி பைப்பை எடுத்தார். கட்டைவிரலை வைத்து விசிறினார். இந்தச் சுவர் குடிக்கவில்லை. தண்ணீர் அதன் மேல் வழிந்து தரைக்கு இறங்கி, பக்கத்தில் மிஞ்சி நின்ற பழைய தூணின் அடியை நோக்கி ஓடியது. அவர் பைப்பைப் போட்டுவிட்டு ஓடி, சாக்கைச் சுருட்டி அணை வைத்தார். மண்ணை அள்ளி மேலே போட்டார். பிறகு வந்து மறுபடி ஊற்றினார். சாக்கு ஊறியதும் மறுபடி ஓடினார். அந்த வாரம் முழுவதும் அதே வேலை. அஸ்கர் அலி ஒரு நாள் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாராம்.

அப்படி ஊற்றிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம்தான் பாண்டித்துரையிடமிருந்து போன் வந்தது. ஊருக்குப் போன பின் முதல் தடவை. வீரபாண்டி, தண்ணீர்ச் சத்தம் கேட்காமல் இருக்கப் பைப்பை மணலுக்குத் திருப்பினார்.

"அண்ணே, செவுரு கட்டிட்டாங்களா?"

"கட்டியாச்சுப்பா."

"நிக்குதா?"

"நிக்குது."

"கலவ?"

அவர் சுவரைப் பார்த்தார். ஈரத்தில் அது கறுத்து, பக்கத்துப் பழைய சுவரோடு சேராமல் நின்றது.

"ஒன் கலவதான் பாண்டி. அதே அளவு. ஒன்னும் மாத்தல."

அந்தப் பக்கம் பாண்டித்துரை போனை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு யாரிடமோ சத்தமாகச் சொன்னார்: "கேட்டீங்களா? என் கலவையிலதான் கட்டியிருக்கானுங்க. இப்பவும் நிக்குதாம்." அதற்கு யாரோ ஏதோ சொன்னார்கள். பிறகு இரண்டு பேர் சிரிக்கும் சத்தம் வந்தது. போன் கட்டாகிவிட்டது.

வீரபாண்டி திருப்பிக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. அதற்குள் சுவரின் மேல்பகுதி வெளுத்துக் காயத் தொடங்கியிருந்தது. அவர் பைப்பை எடுத்துக்கொண்டார்.